உப்புக் காற்றில் ரயில் மின்கம்பி: ராமநாதபுரம் கரையிலிருந்து முதல் ஒப்பந்தம் எடுப்பவருக்கு

மண்டபம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் மின்கம்பம் நட்டுப் பழகியவர்களும், ஐஸ் ஃபாக்டரிக்கும் இறால் பண்ணைக்கும் உயரழுத்த இணைப்பு இழுத்துக் கொடுத்தவர்களும் இப்போது ரயில் வேலைப் பக்கம் வருகிறார்கள். வரவேண்டியதுதான். உயரத்தில் நின்று கம்பி இழுக்கத் தெரிந்த கைகள் இந்தக் கரையில் ஏராளம். ஆனால் ரயிலுக்கு மின்சாரம் தரும் மேல்நிலைக் கம்பி வேலை, பார்ப்பதற்குத்தான் மின்வாரிய வேலையைப் போல இருக்கும். அதன் காகிதங்கள் வேறு, பணம் முடங்கும் விதம் வேறு, சரக்கு வந்து சேரும் காலமும் வேறு. இந்த வித்தியாசங்களை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக இடறித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி இடற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் லைட் ரயிலோ (நகரத்துக்குள் ஓடும் இலகு ரயில்) டிராமோ கிடையாது. இங்கிருந்து சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் வளைகுடாவுக்கும் போய் வேலை செய்பவர்கள்தான் நாம். அந்த ஊர்களில் பெரும்பாலானவை கடலோர நகரங்கள் என்பதால், நம் ஊர் உப்பிடம் கற்ற பாடம் அங்கேயும் செல்லும். பக்கத்தில் மானாமதுரை–ராமேஸ்வரம் தடத்தை நம்பி இறங்குபவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் மின்னழுத்தத்தைக் கேளுங்கள்

டெண்டர் ஆவணம் கைக்கு வந்ததும் தொகையைப் பார்ப்பது மனித இயல்பு. அதற்கு முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். இந்திய ரயில்வேயின் பாதை 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம். லைட் ரயில் பெரும்பாலும் 750 வோல்ட் நேர்மின்சாரம். மத்திய அரசு சிறு நகரங்களுக்காக 2019-இல் வெளியிட்ட மெட்ரோலைட் என்ற லைட் ரயில் வகைக்கான விதிமுறைகளும் 750 வோல்ட்டைத்தான் சொல்கின்றன. கொல்கத்தா டிராம் 550 வோல்ட்.

எண் சிறியது என்பதால் வேலையும் சின்னது என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரம் கிலோவாட் இழுக்கும் ஒரு வண்டிக்கு 25 கிலோவோல்ட்டில் சுமார் 40 ஆம்பியர் போதும். அதே வண்டி 750 வோல்ட்டில் 1,333 ஆம்பியர் கேட்கும். ஆகவே லைட் ரயிலில் கம்பி தடிப்பாகிறது, அதற்குத் துணையாக ஊட்டுக் கேபிள் வருகிறது, சுமார் 2 கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் தேவைப்படுகிறது. ஐரோப்பிய விதியான இ.என். 50163 படி 750 வோல்ட் பாதையில் மின்னழுத்தம் 500 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வடிவமைப்பாளர் கம்பியின் குறுக்களவை முடிவு செய்வதே இந்த 500-ஐ வைத்துத்தான். நீங்கள் பாட்டுக்கு 'சமமான' வேறு கம்பியைப் பரிந்துரைத்தால் அவர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது இதிலிருந்து புரியும்.

இன்னொரு வித்தியாசம் ஆபத்தானது. 25 கிலோவோல்ட் வேலையில் ஒவ்வொரு மாஸ்டையும் (கம்பியைத் தாங்கும் இரும்புக் கம்பம்) தண்டவாளத்தோடு இணைத்துப் பழகியிருப்பீர்கள். நேர்மின்சாரப் பாதையில் வடிவமைப்பு சொல்லாமல் அப்படி இணைக்கவே கூடாது. திரும்பிப் போக வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தை விட்டு மண்ணுக்குள் கசிந்து, குடிநீர்க் குழாயையும் அஸ்திவாரக் கம்பியையும் அரித்துத் தின்றுவிடும். உவர் மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால் கடற்கரையில் இந்தக் கசிவு இன்னும் கேடு. இதற்கான விதி இ.என். 50122-இன் இரண்டாம் பாகம். பழகிய ஃபிட்டரை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் காலையில் இதை அவரிடம் வாயால் சொல்லுங்கள். வரைபடத்தில் இருக்கிறது என்று விட்டுவிட்டால், கை பழக்கப்படி இணைத்துவிடும்.

2. காகிதங்களை டெண்டருக்கு முன்பே சேர்த்து வையுங்கள்

டெண்டர் வெளியான பிறகு ஓடி ஓடிச் சேர்க்கும் காகிதத்தில்தான் ஓட்டை விழும். ரயில்வே டெண்டர்கள் ரயில்வேயின் மின்கொள்முதல் தளமான ஐ.ஆர்.ஈ.பி.எஸ். இணையதளத்தில் வரும். மெட்ரோ நிறுவனங்கள் தத்தம் தளத்திலோ அரசின் மின்கொள்முதல் தளத்திலோ போடும். எல்லாவற்றுக்கும் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பான் அட்டையில் உள்ள பெயரும் நிறுவனப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் பக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு காகிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்கும். அந்த ஒற்றை எழுத்துக்காகவே விண்ணப்பம் திரும்பி வரும்.

மற்றவை: ஜி.எஸ்.டி. பதிவு, வருங்கால வைப்பு நிதி மற்றும் ஈ.எஸ்.ஐ. பதிவுகள், கணக்குத் தணிக்கையாளர் கையொப்பமிட்ட ஆண்டுக் கணக்குகள், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமம். உங்கள் உரிமத்தின் தரம் உயரழுத்த வேலைக்குச் செல்லுமா என்று உரிமத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். கையில் இருக்கிறது என்பதற்காகச் செல்லும் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

கடினமானது அனுபவச் சான்றுதான். ரயில்வேயின் பொது ஒப்பந்த நிபந்தனைகளின்படி, அறிவித்த மதிப்பில் 30 சதவீதத்துக்குக் குறையாத மூன்று ஒத்த வேலைகள், அல்லது 40 சதவீதத்தில் இரண்டு, அல்லது 60 சதவீதத்தில் ஒன்று, கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும். புதியவருக்கு இது முட்டையும் கோழியுமான கதை. வழி ஒன்றுதான்: பெரிய ஒப்பந்ததாரரிடம் உப ஒப்பந்தமாகத் தொடங்குவது. அப்படித் தொடங்கும்போது, உங்களை உப ஒப்பந்ததாரராக வைத்திருப்பதற்கு வேலை தரும் அலுவலகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அந்த ஒப்புதல் இல்லாத வேலை, வியர்வை எவ்வளவு சிந்தியிருந்தாலும், அடுத்த டெண்டரில் அனுபவமாக ஏறாது. பெரிய ஒப்பந்ததாரர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் நாளைய போட்டியாளர்.

ஒரு பொறி: சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்தச் சலுகை பொருள் வழங்கலுக்கும் சேவைக்கும் உரியது. கட்டுமான வேலை ஒப்பந்தத்துக்கு அது பொதுவாகப் பொருந்தாது. டெண்டர் ஆவணம் தெளிவாக விலக்கு என்று எழுதியிருந்தால் தவிர, பணத்தைக் கட்டிவிடுங்கள்.

3. எவ்வளவு பணம் முடங்கும்?

மூன்று கோடி ரூபாய் மதிப்புள்ள ரயில்வே வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி வரை 2 சதவீதம், அதற்கு மேல் அரை சதவீதம் என்பதால் டெண்டர் வைப்புத் தொகை 2 லட்சமும் 1 லட்சமும் சேர்ந்து 3 லட்சம். வேலை கிடைத்தால், ஏற்புக் கடிதம் வந்த 21 நாட்களுக்குள் 5 சதவீத செயல்திறன் உத்தரவாதம், அதாவது 15 லட்சம். தாமதித்தால் 60 நாள் வரை நேரம் உண்டு, ஆனால் தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. இது போக ஒவ்வொரு பில்லிலும் 6 சதவீதம் பிடித்து, மொத்தம் 5 சதவீதம் சேரும் வரை பாதுகாப்பு வைப்பாக நிறுத்துவார்கள். அது இன்னொரு 15 லட்சம், முதலில் கட்டிய 3 லட்சம் அதில் கழியும். வருமான வரிப் பிடித்தமும் ஜி.எஸ்.டி. பிடித்தமும் தனி.

வங்கி உத்தரவாதம் கேட்டால் வங்கி உங்களிடம் ஒரு பங்கை வைப்பாகக் கேட்கும், சொத்து ஆவணம் கேட்கும். பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ உள்ள சிறு கிளைக்கு இப்படி ஓர் உத்தரவாதம் கொடுத்துப் பழக்கமே இருக்காது. கோப்பு மண்டல அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். 21 நாட்களில் பாதி அதிலேயே கரையும். ஆகவே டெண்டர் போடும் அன்றே மேலாளரிடம் வரம்பு பேசி வையுங்கள். வேலை கிடைக்காவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை.

விலை போடும்போது பலர் விடுவது: முடங்கும் 30 லட்சத்துக்கான வட்டி. கடன் வாங்கிய பணமாக இருந்தால் ஒன்றரை, இரண்டு ஆண்டு வட்டி உங்கள் லாபத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். தனி வரியாக எழுதிக் கூட்டுங்கள்.

4. தளத்தை நடந்தே பாருங்கள்

காரில் போனால் சீமைக் கருவேலம்தான் தெரியும். நடந்தால், அது எத்தனை மீட்டருக்குப் பாதையை மூடியிருக்கிறது, வெட்டும் கூலி யார் தலையில், மறுபடி முளைப்பதை யார் பார்ப்பது என்ற கேள்விகள் வரும். மூன்றையும் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். மயில்கள் எங்கே அடைகின்றன என்றும் பாருங்கள். கான்டிலீவரில் (மாஸ்டிலிருந்து நீண்டு கம்பியைப் பிடிக்கும் கை) உட்காரும் மயிலின் தோகை மின்தடைக்குப் போதும்.

காற்றின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் தென்கடல். வைகாசி முதல் ஆவணி வரை உப்பை அள்ளிக்கொண்டு வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வடகடல், அங்கே வாடைக் காற்றுக் காலம்தான் கெடுதி. மண்டபத்திலும் பாம்பனிலும் இரண்டு பக்கமும் அடி விழும். காற்று விசைக்கு இந்தியத் தரமான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பாகத்தைப் பார்க்க வேண்டும். 2015 பதிப்பில், கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் புயலுக்காகக் கூடுதல் பெருக்கம் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. பழைய பதிப்பில் கணக்கிட்ட மாஸ்ட் அட்டவணையை யாராவது நீட்டினால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். மாஸ்டின் எடை மாறினால் உங்கள் இரும்புக் கொள்முதல் முழுவதும் மாறும்.

குறுக்கே போகும் மின்வாரியக் கம்பிகளை எண்ணுங்கள். பாதைக்கு மேலே கடக்கும் ஒவ்வொன்றையும் உயர்த்தவோ நிலத்தடிக் கேபிளாக மாற்றவோ வேண்டும். விண்ணப்பம், மதிப்பீடு, பணம் கட்டுதல், ஆள் வருதல் என்று நீளும் அந்த வேலைதான் பெரும்பாலும் கடைசியாக முடியும். ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ளோ, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் ஓரத்திலோ தளம் வந்தால், அனுமதி வாங்குவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள்.

5. வரைபட ஒப்புதல்

ரயில்வே முறையில் முதலில் பெக்கிங் (மாஸ்ட் நிற்கும் இடங்களைத் தரையில் குறிப்பது), பிறகு அமைப்பு வரைபடம், பிறகு ஒவ்வொரு மாஸ்டுக்கும் குறுக்குவெட்டு வரைபடம், கடைசியில் கான்டிலீவர் அளவுகளுடன் நிறுவல் வரைபடம். ஒன்று ஒப்புதலாகாமல் அடுத்தது நகராது. 25 கிலோவோல்ட்டில் மாஸ்டுக்கு மாஸ்ட் அதிகபட்சம் 72 மீட்டர். வளைவில் இது சுருங்கும். தொடுகம்பியை (ரயில் தொட்டு மின்சாரம் எடுக்கும் கம்பி) நேர்ப்பாதையில் இடமும் வலமும் 200 மி.மீ. மாறி மாறி இழுக்கிறோம், ரயிலின் கூரையில் கம்பியைத் தொடும் பான்டோகிராஃபின் ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருக்க. காற்று பலமான இடத்தில் கம்பி பக்கவாட்டில் ஆடும் என்பதால் இடைவெளியைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்தால் மாஸ்ட் எண்ணிக்கை கூடும். விலை போடும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

லைட் ரயிலில் நகரத் தெருவில் கம்பம் நட இடமில்லாமல் கட்டடச் சுவரில் கொக்கி அடித்துக் குறுக்குக் கம்பி கட்டுவதும் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு வீட்டுக்காரரின் சம்மதமும் தேவை. அந்தப் பேச்சுவார்த்தை உங்கள் பொறுப்பாக எழுதப்பட்டிருந்தால் அந்த டெண்டரை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஒப்புதல் தரும் அலுவலகம் திருத்தம் சொல்லும்போது தேதியிட்ட கடிதத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன திருத்தத்துக்குக் கால நீட்டிப்பு கிடைக்காது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரே வரைபடத்துக்கு இரண்டு அதிகாரிகள் ஒருவருக்கொருவர் முரணான குறிப்பு எழுதினார்கள். இரண்டும் கடிதத்தில் இருந்ததால் தாமதம் என் கணக்கில் ஏறவில்லை.

6. துத்தநாகப் பூச்சு: இங்கேதான் பணமும் பெயரும் போகும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இரும்பு மாஸ்ட்டையும் கான்டிலீவர் குழாயையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். வழக்கமான கொள்முதலில் சதுர மீட்டருக்கு 610 கிராம் என்று இருக்கும். தடிமனில் அது சுமார் 86 மைக்ரான். உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 9223, காற்றின் அரிப்பை வகைப்படுத்தும்போது, கடலோரக் கடும் சூழலான ஐந்தாம் வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் கரையும் என்கிறது. அதற்கும் மேலான உச்ச வகையில் 8.4 முதல் 25 வரை. கணக்கு நீங்களே போடலாம். ஐந்தாம் வகையின் மேல் எல்லையில் 86 மைக்ரான் பத்து ஆண்டுகள் தாங்கும். அலைத் துளி நேராகத் தெறிக்கும் இடத்தில் அதுவும் இல்லை. மாஸ்ட்டோ பல பத்தாண்டுகள் நிற்க வேண்டும்.

ஆகவே கடலோரத்துக்கு 1,000 கிராம் என்று கேட்கிறோம், சுமார் 140 மைக்ரான். ஒரு மாஸ்ட்டின் மேற்பரப்பு 8 சதுர மீட்டர் என்று வைத்தால், வித்தியாசம் மூன்று கிலோ துத்தநாகம். மாஸ்ட் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை. பிறகு துருப்பிடித்த மாஸ்ட்டை மின்சாரத்தை நிறுத்திச் சுரண்டி வண்ணம் அடிக்கும் செலவு இதைவிடப் பல மடங்கு.

ஆனால் 1,000 என்று கொள்முதல் ஆணையில் எழுதினால் மட்டும் 1,000 வந்துவிடாது. பூச்சின் தடிமன், முக்கும் நேரத்தைவிட இரும்பின் வேதியியலைப் பொறுத்தது. இரும்பில் சிலிக்கன் மிகக் குறைவாக இருந்தால் எவ்வளவு நேரம் முக்கினாலும் பூச்சு அவ்வளவு தடிப்பாக ஏறாது. 0.15 முதல் 0.25 சதவீதம் இருந்தால் தடிப்பாக ஏறும். அதனால் இரும்பு வாங்கும்போதே ஆலையின் சோதனைச் சான்றில் சிலிக்கன் அளவைப் பாருங்கள். முக்கும் ஆலைக்காரர் "இந்த இரும்பில் இவ்வளவுதான் வரும்" என்று கைவிரிக்கும்போது இரும்பு உங்கள் பணத்தில் வாங்கியதாக இருக்கும். மேற்பரப்பை மணல் வீசிச் சொரசொரப்பாக்கினாலும் கொஞ்சம் கூடும், அதற்குக் கூலி தனி.

ஆணையில் எழுத வேண்டியவை. வெட்டுதல், துளையிடுதல், பற்றவைத்தல் எல்லாம் முடிந்த பிறகே முக்க வேண்டும். குழாய்களுக்கு உள்பக்கமும் பூச்சு ஏற, காற்றும் துத்தநாகமும் வெளியேற துளைகள் இருக்க வேண்டும். பூச்சின் எடைக்கு ஐ.எஸ். 6745, சீர்மைக்கு ஐ.எஸ். 2633 படியான சோதனை, வேலை முறைக்கு ஐ.எஸ். 2629. இவற்றோடு, லாரியில் ஏற்றும் முன் உங்கள் ஆள் முன்னிலையில் தடிமன் அளவியால் அளக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். கையடக்கமான அந்தக் கருவியைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். இரவல் கருவியை நம்பினால் லாரி கிளம்பும் நேரத்தில் அது வேறு யாரிடமோ இருக்கும்.

அலைக்கு அருகில் வரும் மாஸ்ட்களுக்குத் துத்தநாகத்தின் மேல் வண்ணப் பூச்சும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தனித்தனி ஆயுளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் தாங்கும். புதிய துத்தநாகத்தின் மேல் வண்ணம் நேராக ஒட்டாது. முதலில் பரப்பைத் தயார்செய்து, அதற்குரிய அடிப்பூச்சு போட வேண்டும். ஊரில் கேட் அடிக்கும் பெயின்டரிடம் ஒப்படைத்தால் அடுத்த மழைக்குள் தோலாக உரியும்.

தளத்தில் துளையிடாதீர்கள். அவசியம் ஏற்பட்டால் துத்தநாகம் மிகுந்த வண்ணத்தைத் தடிப்பாகப் பூசி, புகைப்படத்துடன் பதிவு செய்யுங்கள்.

7. இன்சுலேட்டரும் சின்னச் சாமான்களும்

இன்சுலேட்டர், கான்டிலீவர் சாமான்கள், கம்பி ஆகியவற்றை ரயில்வே வேலையில், ரயில்வேயின் ஆராய்ச்சி, தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. அங்கீகரித்த விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க முடியும். பட்டியல் அவ்வப்போது மாறும். விலைப்புள்ளி வாங்கிய நாளில் இருந்தவர் ஆணை போடும் நாளில் இல்லாமல் போகலாம். ஆணை போடும் அன்று பட்டியலை மறுபடி இறக்கி, அந்தப் பக்கத்தைக் கோப்பில் சேருங்கள்.

இன்சுலேட்டரின் மேல் மின்சாரம் ஊர்ந்து போக வேண்டிய தூரத்தைக் கிரீப்பேஜ் என்கிறோம். கடலோரத்துக்கு நீளமானதைக் கேளுங்கள். கோடை முழுவதும் உப்பும் புழுதியும் படியும். கனமழை பெய்தால் கழுவிவிடும். தொல்லை தருவது தூறலும் விடியற்காலைப் பனியும்தான். உப்பு ஈரமாகி, மின்சாரம் மேற்பரப்பிலேயே பொறியாகத் தாவும். மழை குறைந்த நம் மாவட்டத்தில் கழுவல் நடக்க ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். சிலிக்கான் ரப்பர் வகை நீரைத் துளித்துளியாக உருட்டிவிடும் என்பதால் பீங்கானைவிட இங்கே நல்லது. ஆனால் அதை மிதித்து ஏறுவதும், கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. தோல் கிழிந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிடும்.

போல்ட், நட், பின் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு என்று மட்டும் எழுதாதீர்கள். 304 ரகம் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும். 316 ரகம் என்று எழுதுங்கள். அலுமினியமும் செம்பும் நேராகத் தொடும் இடத்தில் இரு உலோகக் கிளாம்ப் கட்டாயம். உப்பு ஈரத்தில் அலுமினியம் வேகமாகப் பொடியாகும்.

8. செம்பு

25 கிலோவோல்ட் பாதையின் தொடுகம்பி 107 சதுர மி.மீ. குறுக்களவு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 950 கிலோ செம்பு. மேலே தாங்கும் 65 சதுர மி.மீ. கம்பியையும் சேர்த்தால் ஒன்றரை டன். செம்பு கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு ஒன்றரை லட்சம் உங்கள் தலையில் விழும். லைட் ரயிலில் 120 அல்லது 150 சதுர மி.மீ. கம்பி என்பதால் இன்னும் கூடும். ஒப்பந்தத்தில் விலை மாற்றப் பிரிவு இருக்கிறதா, அதன் சூத்திரத்தில் செம்புக்கு எவ்வளவு பங்கு, எந்த மாத விலை அடிப்படை என்று பாருங்கள். அந்தப் பிரிவு இல்லாத வேலையில், கடிதம் கிடைத்த வாரமே கம்பிக்கு ஆணை போட்டு விலையை நிலைநிறுத்துங்கள்.

கம்பியை நீள அளவுக்கேற்ப உருளையில் கேளுங்கள். 25 கிலோவோல்ட் முறையில் ஒரு இழுவை நீளம், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டி இழுக்கும் கம்பி, சுமார் 1,500 மீட்டர். நடுவில் இணைப்பு வராதபடி ஒரே துண்டாக வர வேண்டும். மிச்சம் மீதிக்குக் கணக்கு வையுங்கள். துண்டுச் செம்பு வேலை கொடுப்பவருடையதா உங்களுடையதா என்பதில் சண்டை வராத வேலையை நான் பார்த்ததில்லை. உருளை வந்த இரவிலிருந்து காவல் ஆள் வேண்டும். அவர் கூலியும் விலையில் சேரட்டும்.

9. அஸ்திவாரம்

ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமை' என்றும், கடல்நீர்த் துளி படும் இடத்தை 'மிகக் கடுமை' என்றும் வகுக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு முறையே எம் 30, எம் 35 என்ற வலிமைத் தரம் குறைந்தபட்சம். கடற்கரை என்றதும் சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட் வாங்கச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். உப்பின் குளோரைடு இருக்கும் இடத்தில் கசடு கலந்த சிமெண்ட்டோ பொஸலானா சிமெண்ட்டோதான் பொருத்தம்.

தண்ணீர்தான் நம் ஊரின் தலைவலி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இங்கே பல ஆழ்துளைக் கிணறுகள் இந்தச் சோதனையில் தோற்கும். டேங்கர் தண்ணீருக்கும் சோதனைச் சான்று வாங்குங்கள். கலக்க மட்டுமின்றி நீராற்றவும் நல்ல நீர்தான் வேண்டும். இந்தச் செலவை விலையில் சேர்க்காதவர்தான் கடைசியில் மேற்பார்வையாளர் பார்க்காத நேரத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார். மணலும் ஆற்று மணலோ தயாரித்த மணலோ ஆக இருக்கட்டும், தேரியிலிருந்தோ கரையிலிருந்தோ அள்ளியது வேண்டாம்.

பொலபொலத்த மணலில் குழி வெட்டினால் ஓரம் சரியும். இரும்புத் தகட்டு உறை முன்பே தயாராக இருக்கட்டும்.

10. வந்த சரக்கை வைப்பது

முக்கி எடுத்த மாஸ்ட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினால், ஈரம் உள்ளே அடைபட்டு வெள்ளைத் துரு பிடிக்கும். இடையில் மரக்கட்டை வைத்து, ஒரு முனை உயர்த்தி, காற்றோட்டமாக அடுக்குங்கள். கடலிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளிக் கிடங்கு பாருங்கள். சில கிலோமீட்டர் உள்ளே போனாலே வித்தியாசம் தெரியும். சரக்கை இறக்கும் முன் ஆய்வுச் சான்றின் வரிசை எண்ணும் பொருளில் அடித்த எண்ணும் பொருந்துகின்றனவா பாருங்கள். பொருந்தாத சரக்குக்குப் பில் போடவே முடியாது.

11. எந்த மாதத்தில் எந்த வேலை

அஸ்திவாரம் தை முதல் ஆனி வரை. வடகிழக்குப் பருவமழையில் குழி முழுக்கத் தண்ணீர்தான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையூர் இளைஞர்கள் வேலை தேடுவார்கள். கயிறும் முடிச்சும் கப்பியும் தெரிந்த நல்ல ஆட்கள். தடை நீங்கிய மறுநாள் கடலுக்குப் போய்விடுவார்கள் என்பதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள், பிடித்து வைக்க முயலாதீர்கள்.

ஓடும் பாதையில் கம்பி இழுக்க ரயில் நிறுத்தமும் மின் நிறுத்தமும் வேண்டும். இரண்டும் சேர்த்துக் கிடைப்பது சில மணி நேரம்தான். அன்றைக்கு ஒரு பின் இல்லாமல் போனாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் மாலையே சாமான்களை மாஸ்ட் எண் வாரியாகச் சாக்கில் கட்டி வையுங்கள். 25 கிலோவோல்ட் கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. மின்சாரம் நிறுத்தி, பூமியோடு இணைத்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஏற வேண்டும். 750 வோல்ட்டும் ஆளைக் கொல்லும்.

12. பில்லும் பராமரிப்புக் காலமும்

அளவுப் புத்தகத்தில் பதிவாகாத வேலை செய்யாத வேலைதான். அஸ்திவாரம் மண்ணுக்குள் மறையும் முன்பே அளந்து கையொப்பம் வாங்குங்கள். சரக்குக்கு ஒரு பங்கு, நிறுவியதற்கு ஒரு பங்கு, மின்னேற்றியதற்கு மீதி என்று பணம் பிரிந்து வரும். மின்வாரியக் கம்பி மாற்றம் தாமதமாகி மின்னேற்றம் தள்ளிப்போனால் அந்தக் கடைசிப் பங்கும் தள்ளிப்போகும். நான்காம் பகுதியில் சொன்ன கடிதத்தின் நகல் இங்கே கைகொடுக்கும்.

பராமரிப்புக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை நடந்து பாருங்கள். ஆவணி முடியும்போது இன்சுலேட்டர் உப்பைப் பார்க்க, மழை முடிந்ததும் மாஸ்ட் அடியைப் பார்க்க. மாஸ்ட் முதலில் துருப்பிடிக்கும் இடம் கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் அந்த விரற்கடைதான். அங்கே மணலும் ஈரமும் தேங்கியிருந்தால் தோண்டி அகற்றி, கான்கிரீட் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா பாருங்கள். தடிமன் அளவியால் அளந்த எண்களை மாஸ்ட் வாரியாகத் தேதியுடன் எழுதி, இளநிலைப் பொறியாளரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். பாதுகாப்பு வைப்பைத் திரும்பக் கேட்கும் கடிதத்துடன் அந்தத் தாளையும் இணைத்தால், "மாஸ்ட் நிலை தெரியவில்லை" என்று கோப்பைத் திருப்பி அனுப்ப முடியாது.